கலீஃபா இல்லாத வெள்ளிக்கிழமை

இடது காலைக் கழுவினோமா இல்லையா என்று இல்யாஸ் லெப்பைக்கு மறந்துபோய்விட்டது. தொழுகைக்கு முன்னால் ஒளு செய்யப் பள்ளிவாசல் ஹவுளின் கல்விளிம்பில் குந்தியிருந்தவர் குனிந்து பார்த்தார். இரண்டு காலும் ஈரமாகத்தான் இருந்தன. ஈரத்தை வைத்து என்ன முடிவுக்கு வருவது, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தவனுக்குக் கால் ஈரமாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும். தொலையட்டும், முதலிலிருந்து செய்வோம் என்று மறுபடி கையைக் கழுவினார், வாய் கொப்பளித்தார், முகத்தில் தண்ணீர் பட்டதுமே மறுபடியும் அந்த ரயில் வந்துவிட்டது. நாலைந்து நாளாக இதே ரோதனை. படுத்தால் ரயில், யாசீன் ஓத உட்கார்ந்தால் ரயில். காப்பிக்கடை வாசலில் பக்கீர் முகம்மது பத்திரிகையை விரித்துச் சத்தம் போட்டு வாசித்தபோது ஏறி உட்கார்ந்த ரயில், இறங்கமாட்டேன் என்கிறது. துருக்கியில், முஸ்லிம்களுக்கெல்லாம் தலைவரான கலீஃபா என்கிற பதவியே இனிமேல் கிடையாது என்று சட்டம் போட்டுவிட்டார்களாம். பதவியில் இருந்த மனுஷரை விடிவதற்கு முன்னாலேயே எழுப்பி, பெண்டு பிள்ளைகளோடு ஊரை விட்டு அனுப்பி, ரயிலில் ஏற்றிவிட்டார்களாம். எல்லோரும் சட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். இல்யாஸ் லெப்பைக்கு மட்டும் அந்த மனுஷர் விடிகாலை ஸுபுஹு தொழுதாரா இல்லையா என்பதே நெஞ்சுக்குள் நின்றுகொண்டது. விடிகிறதுக்கு முந்தி எழுப்பியிருக்கிறார்கள் என்றால் தொழுகைக்கு வக்து வந்திருக்காது. ரயிலில் தொழுதிருப்பார். ரயில் வளைந்து வளைந்து போனால் மக்காவைப் பார்த்த கிப்லா எந்தப் பக்கம் என்று யார் சொல்லியிருப்பார்கள். பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை தூக்கம் கலைந்து அழுதிருக்கும். சே, இரண்டாம் தரமும் ஒளு கெட்டதுபோல இருக்கிறது, இப்போது வலது கை கழுவினோமா.

அவருக்கு இருந்த கவலைக்கு ரயில் ஒரு சாக்கு என்றும் சொல்லலாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் மிம்பர் மேடையில் ஏறி, வெள்ளிக்கிழமைப் பிரசங்கமான குத்பாவை ஓத வேண்டும். குத்பா முழுக்க அரபியில்தான். கேட்கிற ஜனங்கள் யாருக்கும் அரபி தெரியாது. ஆனாலும் இரண்டாவது குத்பாவில் ஓர் இடம் வரும், அங்கே கலீஃபாவின் பேரைச் சொல்லி அல்லாவிடம் துஆ கேட்பார், அந்தப் பேர் மட்டும் எல்லோருக்கும் விளங்கும். தூங்கி வழிகிறவன்கூட அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து ஆமீன் சொல்வான். யுத்தம் ஆரம்பித்ததிலிருந்து மூன்று பேர் மாறிவிட்டார்கள், ஒவ்வொருவர் பேரையும் நாக்குக்குப் பழக்கி எடுப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இன்றைக்குப் பழக்குவதற்குப் பேரே இல்லை. நேற்று அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு ஜமாஅத் தலைவர் அசன் மரைக்காயர் வந்தார். இல்லாத பதவிக்குப் பேர் சொல்லி மிம்பரில் பொய் பேசக்கூடாது, பொதுவாக முஸ்லிம்களின் தலைவர்களுக்கு என்று சொல்லிவிட்டு இறங்குங்கள், சர்க்கார் காதுக்கும் அதுதான் நல்லது என்றார். அவர் போய் வாசல்படி ஆறுவதற்குள் பக்கீர் முகம்மது வந்தான், கதர்ச் சட்டையும் சிவந்த கண்ணுமாக. பேரைச் சொல்லாமல் விட்டால் நாமும் சேர்ந்து அவரை ரயில் ஏற்றினதுபோல ஆகும் லெப்பை, சொல்லவில்லை என்றால் நானும் என்னைச் சேர்ந்தவர்களும் அடுத்த வாரத்திலிருந்து பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போய்விடுவோம் என்றான். வெறும் மிரட்டல் இல்லை அது. நம்ம மத்ஹபுச் சட்டத்தில் நாற்பது ஆண் தலை இருந்தால்தான் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை கூடும். இந்தச் சின்ன ஊரில் காய்ச்சல்காரனையும் கைத்தாங்கலாகக் கூட்டி வந்துதான் நாற்பதைத் தேற்றுகிறோம். பக்கீர் ஆட்களோடு எழுந்து போனால் அப்புறம் ஜும்ஆ ஏது, குத்பா ஏது, அதை ஓதுகிற கதீபு ஏது. மரைக்காயர் பேச்சைக் கேட்டால் ஊர் உடையும், பக்கீர் பேச்சைக் கேட்டால் நாக்கில் பொய் ஏறும். இருதலைக்கொள்ளி எறும்பு என்று ஓதிக் கொடுக்கிற பிள்ளைகளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருப்பார், அந்த எறும்புக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

இது போதாதென்று சுலைஹா. அவள் ஒன்றும் பெரிதாகச் சொல்லிவிடவில்லை. காலையில் ஜுப்பாவுக்கு அத்தர் தடவிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே, "இன்னைக்கு அந்த எடம் சும்மாதானே கெடக்கு" என்றாள். குத்பாவில் கலீஃபா பேர் வருகிற இடத்தைத்தான் சொல்கிறாள். ஏழெட்டு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான். நம்ம பிள்ளை பேரை ஒரே ஒரு தரம் மிம்பரில் வைத்துச் சொல்லுங்கள், நாற்பது பேர் ஒன்றாக ஆமீன் சொன்னால் அல்லா தட்டமாட்டான். அவரும் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அது ராஜாக்களுக்குள்ள இடம் சுலைஹா, என் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இடம் கிடையாது, இன்றைக்கு நான் சொன்னால் நாளைக்கு ஊரில் ஆளாளுக்கு வந்து நிற்பார்கள். அவள் வாயை மூடிக்கொள்வாள். மூடின வாய் மூடினபடி இருக்கும், கை மட்டும் பாத்திரத்தை டணார் என்று வைக்கும். பிள்ளை சதக்கத்துல்லா, வீட்டில் சதக்கு. கொழும்பில் மாமன் கடையில் நிற்க அனுப்பினால் அங்கே நிற்காமல், வெள்ளைக்காரன் யுத்தக் கப்பலுக்கு ஆள் எடுக்கிறான் என்று சமையல்காரனாக ஏறிப் போய்விட்டான். ஓதுகிற குடும்பத்தில் பிறந்து கரண்டி பிடிக்கப் போனானே என்று அவருக்கு அப்போது கோபம்தான். சின்னதிலிருந்தே அவன் அப்படித்தான், கிதாபுக்கு முன்னால் உட்காரவைத்தால் கொட்டாவி விடுவான், அடுப்படியில் உம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு மீன் ஆணத்துக்குப் புளி போதுமா என்று கேட்பான். தொண்டிக் கப்பலாள் ஒருவன் திரும்பி வந்தபோது பஸ்ராத் துறையில் அவனைப் பார்த்ததாகச் சொன்னான். தாடி விட்டிருக்கிறான், ஆள் கறுத்திருக்கிறான், எனக்கு ஒரு தட்டு சோறு போட்டான் என்றான். சுலைஹா அவனிடம் சோறு எப்படி இருந்தது என்று கேட்டாள். உப்புக் கூடுதல் என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கப்புறம் அவன் சமைத்த படகு ஆற்றோடு மேலே போனதாம். யுத்தம் முடிந்தது, போனவர்கள் பாதிப் பேர் வந்தார்கள், வராதவர்களுக்கு மவுத்துச் செய்தியாவது வந்தது. சதக்குவுக்கு இரண்டும் வரவில்லை.

வராதவனுக்கு என்ன தொழுகை தொழுவது. மையித்து கண்ணெதிரே இல்லாவிட்டாலும் இறந்தவனுக்காகக் காயிபு ஜனாஸா தொழலாம்தான், ஒரு தடவை மெல்ல அந்தப் பேச்சை எடுத்தும் பார்த்தார். சுலைஹா அவர் கிதாபிலிருந்தே ஒரு கல்லை எடுத்து அவர் மேலேயே எறிந்தாள். உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்று நீங்கள்தானே பிள்ளைகளுக்குப் பாடம் வைக்கிறீர்கள், அவன் உயிரோடு போனது உறுதி, செத்தது சந்தேகம், உறுதியை எடுக்க நீங்கள் யார் என்றாள். சட்டப்படி அது சரி. எந்த காஜியும் மறுக்க முடியாது. சந்தேகம் வந்தால் ஒளுகூட முறியாதே, அதுவும் அதே சட்டம்தானே, பின்னே எதுக்கு இங்கே குந்திக்கிட்டு மூணு தடவை காலைக் கழுவுறோம், எழுந்திரு. எழுந்தார். முழங்கால் படக்கென்றது. அவளுக்குத் தெரியாத ஒன்று அவருக்குள் இருந்தது, அதைத்தான் அவரால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. யுத்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கம்போல, அப்போது கலீஃபாவாக இருந்த துருக்கி சுல்தான் பேரைச் சொல்லி, அவர் சேனைக்கு வெற்றி கொடு, அவர் கொடியை உயர்த்து, அவருடைய எதிரிகளைச் சிதறடி என்று ஓதிக்கொண்டிருந்தவருக்கு, எதிரிகள் என்ற சொல்லில் நாக்கு நின்றுவிட்டது. துருக்கிக்கு எதிரே நிற்கிற படகில்தானே சதக்கு சோறு ஆக்கிக்கொண்டிருக்கிறான். கீழே நாற்பது பேரும் ஆமீன் என்றார்கள். உரக்கச் சொன்னார்கள், அன்றைக்கென்று பார்த்து பலமாகச் சொன்னார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையும் அவர் அதையே ஓதினார், ஓதாமல் என்ன செய்வார், அதற்கடுத்ததும் ஓதினார். நாற்பது பேர் ஆமீன் சொன்னால் அல்லா தட்டமாட்டான் என்கிறாளே, தட்டாமலே கொடுத்துவிட்டிருந்தால். சுல்தானுக்கு வெற்றி வரவில்லை, அது ஊரறிந்த கதை. ஆனால் துஆவில் ஒரு துண்டு மட்டும் போய்ச் சேர்ந்திருந்தால். யா அல்லா, அந்த ஒரு துண்டை நீ கேட்டிருக்கக் கூடாது. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார், தண்ணீரைத் துடைப்பதுபோலத்தான் துடைத்தார், பக்கத்தில் ஒளு செய்துகொண்டிருந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

உள்ளே சப்பு, தொழுகை வரிசை, நிரம்பிக்கொண்டிருந்தது. முதல் சப்பில் மிம்பருக்கு நேர் எதிரே மரைக்காயர், பச்சைச் சால்வையை இரண்டாக மடித்துப் போட்டுக்கொண்டு. இரண்டாவது சப்பில் பக்கீர், அவனைச் சுற்றி அவன் ஆட்கள். தூரத்தில் உட்கார்ந்திருந்தால்கூடத் தேவலை, இப்படி ஒருத்தர் முதுகில் ஒருத்தர் மூச்சு விடுகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார்களே. குத்பாவுக்கு முந்தின சுன்னத்துத் தொழுகையைத் தொழுதார், தொழுகையில் நின்றபடியே மனசு பஸ்ராவுக்குப் போய்விட்டது. பஸ்ரா என்றால் மற்றவர்களுக்கு ஈச்சம்பழம், அவருக்கு அது ரெண்டு விஷயம். ஒன்று சதக்கு கடைசியாக நின்ற துறை. இன்னொன்று, நபியின் மருமகன் அலி நாயகம் கலீஃபாவாக இருந்த காலத்தில் அவர்களுடைய பேரைச் சொல்லி மிம்பரில் முதன்முதலாக துஆ கேட்டது அந்த ஊர் கவர்னர்தான் என்று கிதாபில் பார்த்திருக்கிறார். அன்றைக்கு அது பிரியத்தில் கேட்ட துஆ, அவ்வளவுதான். அப்புறம்தான் அது சட்டமானது, பேரைச் சொன்னால் விசுவாசி, சொல்லாவிட்டால் துரோகி. அதற்குப் பின்னால் உமையா வம்சத்துக் கலீஃபாக்கள் திமிஷ்கு நகரத்தில் உட்கார்ந்து ஆண்டார்கள், அவர்கள் காலத்தில் அதே அலி நாயகத்தை மிம்பருக்கு மிம்பர் ஏசினார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் ஏசினார்கள், அதற்கும் ஜனங்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதானே இருந்திருப்பார்கள். உமர் இப்னு அப்துல் அஸீஸ் கலீஃபாவாக வந்தார், அந்த வம்சத்திலேயே பிறந்தவர், சேற்றில் செந்தாமரை. ஏச்சை நிறுத்தினார். நிறுத்தினது மட்டுமா, இடத்தை வெறுமனே விட்டால் பழைய அழுக்கு மறுபடி வந்து உட்காரும் என்று தெரிந்த மனுஷர், அங்கே வேதத்திலிருந்து ஓர் ஆயத்தை வைத்தார். நீதி செய்யவும் நன்மை செய்யவும் உறவினருக்குக் கொடுக்கவும் அல்லா ஏவுகிறான் என்கிற ஆயத்து. அதைத்தான் இல்யாஸ் லெப்பை இன்றைக்கும் குத்பா முடிவில் ஓதப்போகிறார். அப்படியானால் மிம்பரில் இடம் மாறலாம். ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றை வைக்கலாம். வைக்கலாம், வைத்தவர் ராஜா, லெப்பை இல்லை. ஆசையைப் பாரு, உமர் இப்னு அப்துல் அஸீஸுக்குப் பக்கத்தில் போய்ப் பாய் விரிக்கிறதை.

குத்பாவின்போது கதீபு ஊன்றுகிற மரவாளை மோதினார் மீரான் நீட்டினார். வாங்கிக்கொண்டு வலது காலை வைத்துப் படியேறி, ஸலாம் சொல்லி உட்கார்ந்தார். மீரான் பாங்கு சொல்ல ஆரம்பித்தார். மீரானுக்கு மூச்சு நீளம், ஒவ்வொரு அல்லாஹு அக்பரும் கடற்கரை வரைக்கும் போய்த் திரும்பும், அதுவரைக்கும் கதீபுக்கு ஓய்வு. வாளை ஊன்றி உட்கார்ந்திருந்தவருக்கு வேறொரு கதீபின் நினைப்பு வந்தது. திமிஷ்கில் இருந்திருப்பான் அவன், பேர் தெரியாது. உமையாக்களின் வெள்ளைக்கொடி இறங்கி, அவர்களைத் தோற்கடித்த அப்பாஸியாக்களின் கறுப்புக்கொடி ஏறின வாரம். போன வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு பேர், இந்த வெள்ளிக்கிழமை வேறு பேர், பழக்கதோஷத்தில் நாக்குத் தவறினால் தலை தப்பாது. அவனுக்கும் வீட்டில் ஒருத்தி வெள்ளை ஜுப்பாவை மடித்து வைத்துவிட்டு, கறுப்புத் துணிக்கு எங்கே போவேன் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பாள். வரலாற்றில் இவர்களை யாரும் எழுதமாட்டார்கள். தப்பி ஓடினவர்களை எழுதினார்கள், அதிலும் ஜெயித்தவனைத்தான். உமையா வம்சத்து இளவரசன் ஒருவன் தம்பியோடு ஃபுராத்து நதிக்கரைக்கு ஓடிவந்தான், பின்னால் குதிரைக்காரர்கள். இரண்டு பேரும் ஆற்றில் குதித்தார்கள். கரையில் நின்றவர்கள், திரும்பி வாருங்கள், ஒன்றும் செய்யமாட்டோம் என்று கூப்பிட்டார்கள். அண்ணன் திரும்பவில்லை. தம்பிக்குப் பயம், சின்னப் பையன், பாதி ஆற்றிலிருந்து திரும்பினான். அக்கரையில் ஏறி நின்ற அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இக்கரையில் அவனை வெட்டிப்போட்டார்கள். அண்ணன் உலகத்தின் அந்தக் கோடிக்குப் போய் அந்தலூஸில் ராஜ்ஜியம் கட்டினான், ஈச்சமரம் நட்டான், எல்லாம் சரி. ராத்திரி படுத்தால் தூங்கியிருப்பானா. தம்பி, திரும்பாதே என்று எத்தனை தரம் கத்தியிருப்பான், தண்ணீருக்குமேல் குரல் போயிருக்குமா. சதக்குவுக்கு நல்லா நீந்தத் தெரியும். நம்ம கடலில் நீந்தினவனுக்கு அந்த ஆறு எம்மாத்திரம். ஆனா யாராவது கரையில் நின்னு வா, ஒண்ணும் செய்யமாட்டோம்னு கூப்பிட்டா இவன் நம்பிருவானே, கூப்பிட்டவனுக்குச் சோறு போடுற பயலாச்சே. பாங்கு முடிந்து மீரான் திரும்பிப் பார்த்தார். இல்யாஸ் லெப்பை எழுந்து நின்றார்.

முதல் குத்பா தானாக ஓடியது. நாக்குக்கு வழி தெரியும், கிணற்று மாட்டுக்குத் தடம் தெரிகிறதுபோல, மனசு எங்கே கிடந்தாலும் அது போய்த் திரும்பிவிடும். அல்லாவுக்கு அஞ்சுங்கள் என்றார், அஞ்சிக்கொண்டேதான் சொன்னார். இரண்டு குத்பாவுக்கும் நடுவே ஒரு சிறு உட்காரல் உண்டு, குல்ஹுவல்லாஹு என்கிற சின்ன சூராவை ஓதுகிற நேரம்தான். அந்த நேரத்துக்குள் அவர் மனசில் பக்தாது முழுக்க விழுந்து எழுந்தது. மங்கோலியர் வந்து அப்பாஸியா கலீஃபாவைக் கொன்ற வருஷம், அதற்கப்புறம் மூன்று வருஷம் உலகத்தில் கலீஃபாவே கிடையாது. மூன்று வருஷத்து வெள்ளிக்கிழமைகளும் வராமலா போயின? டில்லியில் சுல்தான்கள் செத்துப்போன கலீஃபாவின் பேரிலேயே வெகுகாலம் நாணயம் அடித்துக்கொண்டிருந்தார்களாம். ஓதப் போன காலத்தில் உஸ்தாது இதைச் சொன்னபோது பிள்ளைகள் எல்லோரும் சிரித்தோம், செத்தவர் பேரில் காசா என்று. இப்போது சிரிப்பு வரவில்லை. அவர்களுக்கும் மவுத்துச் செய்தியை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை, வேறென்ன. டில்லி முழுக்க சுலைஹாக்கள். ஆனால் மற்ற ஊர் கதீபுகள், சின்ன ஊர், நாற்பது தலைக்குத் திண்டாடுகிற ஊர், அவர்கள் அந்த இடத்தில் என்ன சொன்னார்கள். ஒருத்தரும் எழுதிவைக்கவில்லையே பாவிகள். எழுதிவைத்திருந்தால் எனக்கு இந்தக் கஷ்டம் இல்லை. சரி, மரைக்காயர் சொன்னதுபோலவே போய்விடுவோம், முஸ்லிம்களின் தலைவர்கள் என்று பொதுவாக, பொய்யும் இல்லை பேரும் இல்லை. பக்கீர் காலைப் பிடித்தாவது நிறுத்திக்கொள்ளலாம். சுலைஹாவுக்கு வேறு எதையாவது சொல்லிச் சமாளிப்போம், அவளிடம் சமாளிக்காத நாள் உண்டா. முடிவு செய்ததும் கொஞ்சம் நிம்மதி வந்தது, கோழைக்குக் கிடைக்கிற நிம்மதிதான், அதுவும் நிம்மதிதானே என்று எழுந்தார்.

இரண்டாவது குத்பா. அல்லாவுக்கு ஹம்து, நபிக்கு ஸலவாத்து. நான்கு கலீஃபாக்களின் பேர் வரிசையாக வந்தது. அபூபக்கர், உமர், உஸ்மான், அலி, ஒவ்வொரு பேருக்கும் கீழே முணுமுணுப்பாக ரலியல்லாஹு அன்ஹு என்றார்கள். இந்த நாலு பேரை யாரும் ரயில் ஏற்ற முடியாது. அடுத்தது அந்த இடம். பள்ளிக்குள் விசிறி ஆட்டுகிற சத்தம் நின்றது. மரைக்காயர் தலை நிமிர்ந்தது, பக்கீர் கழுத்து நீண்டது. அல்லாஹும்மன்ஸுர், யா அல்லா உதவி செய் என்று ஆரம்பித்தார். நாக்கு தன் தடத்தில் போனது, பேர் சொல்லவேண்டிய இடத்துக்கு முன்னால் எப்போதும் விடுகிற சின்ன மூச்சை விட்டது. தலைவர்கள் என்ற சொல் நாக்கின் நுனியில்தான் இருந்தது. அந்த மூச்சுக்குள் எதிரிகள் என்ற சொல் முந்திக்கொண்டு எதிரே வந்து நின்றது, இன்னும் நாலு சொல் தள்ளி வரவேண்டிய சொல், அதன் பக்கத்தில் ஒரு படகு, படகில் அடுப்புப் புகை. வாயைத் திறந்தார், வந்தது வேறு பேர். சதக்கத்துல்லா இப்னு இல்யாஸ். அவர் காதிலேயே அது விழுந்தபோதுதான் சொன்னது தெரிந்தது. நிறுத்த முடியவில்லை, வாக்கியம் பாதியில் நிற்கிறது, நிறுத்தினால் உதவி என்கிற சொல்லுக்கு அந்தரத்தில் என்ன கதி. நாக்கு வழக்கமான தடத்தில் மிச்சத்தையும் இழுத்துக்கொண்டு போனது. அவன் சேனைக்கு வெற்றி கொடு. அவன் கொடியை உயர்த்து. அவன் எதிரிகளைச் சிதறடி. அவன் ஆட்சியை நீளச் செய். கரண்டி பிடித்த பயலுக்கு, உப்பு அளவு தெரியாத பயலுக்கு, அப்பாஸியாக்களுக்கும் உமையாக்களுக்கும் கேட்ட அத்தனையையும் ஒன்று விடாமல் கேட்டார். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது, குரல் மட்டும் உடையவில்லை, எப்படி உடையாமல் இருந்தது என்று அவருக்கே தெரியாது.

மீரான் முதலில் ஆமீன் என்றார், அது அவர் வேலை. அவர் சொன்னால் மற்றவர்கள் சொல்லிப் பழக்கம், பின்னாலேயே பள்ளி முழுக்கச் சொன்னது. சொன்ன பிறகுதான் ஜனங்களுக்கு உறைத்தது. குத்பா நடக்கும்போது வாய் திறந்து பேசக்கூடாது, பேசுகிறவனை வாயை மூடு என்று சொல்வதுகூடக் கூடாது, ஆகையால் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இல்யாஸ் லெப்பை விசுவாசிகளான முஃமின்களுக்கு எல்லாம் துஆ கேட்டார், நீதி செய்யச் சொல்லும் ஆயத்தை ஓதினார், இறங்கினார், தொழவைத்தார். ஸலாம் கொடுத்ததும் திரும்பி உட்கார்ந்து, ஜமாஅத்தின் முகத்தைப் பார்க்க முடியாமல் பாயின் கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் கதீபு வேலை போனால் போகட்டும், ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். பக்கத்தில் நிழல் தட்டியது. பக்கீர் வந்து நின்றான். கோபமாக வந்தவன்தான், வந்து நின்றதும் என்ன சொல்ல வந்தோம் என்பது அவனுக்கும் மறந்துபோனதுபோல் இருந்தது. "லெப்பை, நான் ஆமீன் சொல்லிட்டேன்" என்றான், யாரோ அவனை ஏமாற்றிவிட்டதுபோல. பின்னாலிருந்து மரைக்காயர், சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டே, "நானுந்தான்" என்றார். சொன்னதைத் திருப்பி எடுக்க முடியுமா என்று அவர் கேட்கவில்லை. அவர் தம்பி ரங்கூனிலிருந்து வராமல் போனது எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒரே வாசல் வழியாக வெளியே போனார்கள், செருப்பைத் தேடுகிற இடத்தில் கொஞ்ச நேரம் சேர்ந்து நின்றார்கள்.

வீடு பள்ளிக்குப் பின்சந்தில்தான். அவர் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது, ஊர் வாய்க்குக் கால் எத்தனை என்று யார் கண்டது. சுலைஹா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது, முகத்தைக் கழுவிவிட்டு வந்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது. அவர் ஜுப்பாவைக் கழற்றிக் கொடுத்தார், வாங்கிக் கொடியில் போட்டாள், சோற்றுக்கு சஹன் தட்டு எடுத்து வைத்தாள், தண்ணீர் வைத்தாள். எல்லாம் செய்துவிட்டு எதிரே உட்கார்ந்து, "என்ன கேட்டீங்க அவனுக்கு?" என்றாள். அரபியில் கேட்டதை அவளுக்கு விளங்கும்படி சொல்லவேண்டும். அவருக்கு வெட்கமாக இருந்தது. சேனைக்கு வெற்றி கேட்டேன் என்றார். கொடி உயரணும்னு கேட்டேன். அவன் எதிரியெல்லாம் சிதறிப் போகணும், அவன் ஆட்சி நீடிக்கணும்னு கேட்டேன். சுலைஹா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பெரிய பெரிய விஷயமெல்லாம் கேட்டிருக்கிறார் என்கிற மரியாதை அவள் முகத்தில் இருந்தது. இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"அவன் பசியாறணும்னு கேக்கலியா?" என்றாள்.

இல்யாஸ் லெப்பை சோற்றில் வைத்த கையை எடுத்தார். ஆயிரத்து முந்நூறு வருஷத்து ராஜாக்களுக்குக் கேட்ட துஆவில் எங்கேயும் அது இல்லை. "அடுத்த வாரம் கேக்குறேன் புள்ள" என்றார்.